உப்புக்கொத்தி வராத வருஷம்

மே இரண்டாம் வாரம்.
தென்சரிவில் பனி கிழிந்து
கறுப்புத் தரை தெரியத் தொடங்கியிருந்தது.
யொவ்னா வாசலில் நின்று சொன்னான்:
"இந்த வருஷம் உப்புக்கொத்தி வரவில்லை."

காபிப் பானையோடு வெளியே வந்தேன்.
இருபது அடி தள்ளி, ஈரக்கல்லின் மேல்,
கரி பூசிய வயிறும் பொன் தூவிய முதுகுமாய்
உட்கார்ந்திருந்தது அது.
அலகு திறந்தது. மூடியது. திறந்தது.
ஒற்றை ஊதல், கொஞ்சம் அழுகை கலந்தது.
"அதோ," என்றேன்.
பார்த்தான்.
ரயில் கிளம்பிய பின்
ஜன்னலுக்குள் வாயசைப்பவரைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டே இருந்தான்.

பத்தொன்பது வயதில் வாங்கிய பனி ஸ்கூட்டர்.
மஞ்சள். கல்யாணத்தன்று
என் சித்தி அதற்கும் ரிப்பன் கட்டினாள்.
அதன் பிறகு நான்கு வண்டிகள், முப்பத்தொரு குளிர்காலம்,
முழங்கால்களுக்கு நடுவே உறுமும் எஞ்சின்.
எனக்கும் ஒன்று இருந்தது, சிவப்பு.
காதடைப்பான் போட்டால்
மந்தை எந்தப் பக்கம் போகிறதென்று கேட்காது என்பான்.
கேட்பதற்காகத்தான் கழற்றினான்.

துப்பாக்கி வேறு.
வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு
இடது காதுதான் குழலுக்குப் பக்கம்.
சுட்ட ராத்திரி முழுக்க
காதுக்குள் கொசு என்பான்.
பிப்ரவரியில், கௌத்தோகெய்னோவில், ஏது கொசு?
எல்லோரும் சிரித்தோம்.
நானும்தான்.

ஆல்தா ஆஸ்பத்திரியில்
சத்தம் நுழையாத அறையில் உட்காரவைத்து
கேட்டால் பொத்தானை அமுக்கு என்றார்கள்.
கண்ணாடிக்கு வெளியிலிருந்து
அவன் கட்டைவிரலையே பார்த்தேன்.
தாழ்ந்த ஒலிகளுக்குச் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது.
பிறகு பொத்தான் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது.
காகிதத்தில் கோடு
இரண்டாயிரத்திலேயே சரிந்து
நாலாயிரத்தில் பள்ளத்தாக்கில் விழுந்தது.

சினோவே என்ற அந்தப் பெண்
பட்டாணி அளவு நத்தை ஓடொன்றை வரைந்தாள்.
உள்ளே திரவம். வரிசை வரிசையாய் மயிரணுக்கள்.
ஒலி வந்தால் சாயும், போனால் நிமிரும்.
மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை எனக்கு.
மந்தை ஒருதரம் கடந்த கோரைப்புல்
விடிவதற்குள் எழுந்துவிடும்.
தினமும் கடந்தால்,
அது பாதை.
ஓட்டின் வாசலில் நிற்பவைதான்
உச்ச ஒலிகளைக் கேட்பவை என்றாள்;
முதலில் மிதிபடுவதும் அவைதானாம்.

"திரும்ப முளைக்குமா?"
"மனிதருக்கு முளைக்காது."
பேனாவை மூடிவிட்டு,
சொல்லலாமா கூடாதா என்று யோசித்தவளாய்,
"பறவைகளுக்கு முளைக்கும்," என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் வைப்பர் ஓடியது.
எங்கள் சாமி மொழியில் பாதி ஸகரமும் ஷகரமும்;
அவனுக்கு இப்போது அது
அந்துப்பூச்சி அரித்த கம்பளி.
பசிக்கிறதா என்றால்
பத்து கிலோமீட்டர் என்கிறான்.
காதும் காதும் வைத்தாற்போல் இனி
ஒன்றும் சொல்ல முடியாது எங்கள் வீட்டில்.
வங்கிக் கடன் எவ்வளவு பாக்கியென்று
ஆற்றுக்கு அக்கரை வரை தெரியும்.

இப்போது கருவி வைத்திருக்கிறான்.
காற்றடித்தால் அதுவும் இரைகிறது;
கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.

ஆனால் சாயங்காலம் படியில் உட்காருவோம்.
பறவை கூவும்போதெல்லாம்
அவன் மணிக்கட்டை அமுக்குவேன்.
அவன் எண்ணுவான். எதற்கென்று கேட்டதில்லை.

நேற்று அது தூரத்து மேட்டுக்குப் போய்விட்டது.
யொவ்னா தொலைநோக்கியை எடுத்தான்.
நான் காத்திருந்தேன்.
காற்று. உருகும் நீர். வேறொன்றுமில்லை.
நாய் சட்டென்று காதை நிமிர்த்தியது.

"அலகு திறக்கிறது," என்றான்,
கண்ணை எடுக்காமல்.
"இப்போது. மறுபடியும். கேட்கிறதா?"

அவன் மணிக்கட்டை அமுக்கினேன்.
ஆமாம் என்றேன்.